கடைவாய்ப் பல்லில் இருக்கிறது பிறந்த வருடம்

அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் பல்லைப் பார்ப்பார்கள் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அதற்குப் பல் டாக்டரிடம் பழைய எக்ஸ்ரே இருக்க வேண்டும். ஆளே யாரென்று தெரியாதபோது யாருடைய எக்ஸ்ரேயைத் தேடுவது? அந்த இடத்தில்தான் பல்லின் திசுக்களையே சோதிக்கிறார்கள்.

எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல்லின் வெளிப்புறக் கடினமான உறையான எனாமல் அப்படியல்ல. அதைக் கட்டும் செல்கள் பல் முளைத்ததும் அழிந்துபோகின்றன. அதனால் சிறுவயதில் அதில் சேர்ந்த கார்பன் கடைசிவரை மாறாது. எனாமலில் கார்பன் இருப்பதே சுமார் 0.4 சதவீதம்தான், அது போதும்.

1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. காற்றில் கார்பனின் கதிரியக்க வகையான கார்பன்-14 கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. திறந்தவெளிச் சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு குறையத் தொடங்கியது. கதிரியக்கம் தேய்ந்ததால் அல்ல, அதன் அரைவாழ்வு (பாதியாகத் தேயும் காலம்) சுமார் 5,730 ஆண்டுகள்; கடலும் செடிகொடிகளும் இழுத்துக்கொண்டதால். செடியிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து குழந்தையின் பல்லுக்கும் அந்தக் கார்பன் வந்துவிட்டது. ஊரை அழிக்கச் செய்த சோதனை இப்படி உதவுமென்று யார் நினைத்திருப்பார்கள்!

ஆய்வகத்தில் பல்லின் வேரை வெட்டிவிட்டு, மேற்பகுதியைக் காரமான சோடியம் ஹைட்ராக்சைடில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டைன் என்ற திசு கறுத்துக் குழைந்துவிடும். அதைச் சுரண்டி எடுத்தால் எனாமல் மட்டும் மிஞ்சும். அதிலுள்ள கார்பன்-14 அளவு எந்த ஆண்டின் காற்றோடு பொருந்துகிறது என்று பார்த்து, அந்தப் பல்லின் எனாமல் உருவாகும் வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு 2005இல் இந்த முறையில் பிறந்த ஆண்டைச் சராசரியாக 1.6 ஆண்டு வித்தியாசத்துக்குள் சொல்லிக் காட்டியது.

ஒரு சிக்கல் உண்டு. ஒரே அளவு கார்பன்-14 காற்றில் ஏறும்போதும் இருந்திருக்கும், இறங்கும்போதும் இருந்திருக்கும். அதற்குத்தான் இரண்டு பல். முதல் கடைவாய்ப் பல்லின் எனாமல் சுமார் 3 வயதுக்குள் முடிந்துவிடும்; ஞானப்பல்லுக்கு 12 வயதுக்கு மேல் ஆகும். ஞானப்பல்லில் அளவு கூடியிருந்தால் ஏறுமுகம், குறைந்திருந்தால் இறங்குமுகம். இப்போது காற்றில் அந்த உபரி கிட்டத்தட்ட வடிந்துவிட்டது. இன்றைய குழந்தைகளின் பல்லில் இந்தக் கணக்கு இவ்வளவு கூர்மையாக வராது.

அப்புறம் டென்டைன். அதிலுள்ள அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் உடல் சூட்டில் மெதுவாக இடக்கை வடிவத்திலிருந்து அதன் கண்ணாடி பிம்பமான வலக்கை வடிவத்துக்கு மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து இறந்தபோது இருந்த வயதைக் கணிக்கலாம். பிறந்த ஆண்டோடு அதைக் கூட்டினால் இறந்த ஆண்டு. பல்லின் நடுவிலுள்ள மென்மையான பற்கூழிலிருந்து டிஎன்ஏ கிடைத்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். இவ்வளவு கையில் இருந்தால் போலீஸ் காணாமல்போனவர்கள் பட்டியலைச் சுருக்கி, எந்தக் குடும்பத்திடம் டிஎன்ஏ ஒப்பீட்டுக்கு எச்சில் மாதிரி கேட்பது என்று முடிவு செய்ய முடியும்.