சாப்ட்வேர் வாங்கும் முன் கரண்ட் பில்லைப் படியுங்கள்: கடை, அலுவலகக் கட்டடங்களுக்கான நேரவாரிக் கட்டண விதி

மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் போன வருடம் ஒரு ஃபைலோடு வந்தார். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சாப்ட்வேர் என்று ஒரு நிறுவனம் வந்து, சென்சார் மாட்டி, செல்போனில் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டி, மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தது. சந்தா மாதாமாதம் போகிறது, கரண்ட் பில் இறங்கவில்லை. விசாரித்தால், அவர் கடையில் கூட்டம் சேர்வது மாலை ஆறரைக்கு மேல். யூனிட் விலை ஏறுவதும் அதே நேரத்தில்தான். அந்த நேரத்தில் ஒரு ஏ.சி.யைக்கூடக் குறைக்கும் அதிகாரத்தை யாரும் அந்த சாப்ட்வேருக்குக் கொடுக்கவில்லை. செலவு ஏறுவதை அது அழகாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவரிடம் சாப்ட்வேர் விற்றவரும் சரி, பில் போட்ட அலுவலகமும் சரி, விதி என்ன சொல்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மத்திய அரசு 2020-இல் மின்சார நுகர்வோர் உரிமைகள் விதிகளைக் கொண்டுவந்தது. 2023 ஜூனிலும் 2024 பிப்ரவரியிலும் அவற்றைத் திருத்தியது. வரலாறு இவ்வளவு போதும். 2023 திருத்தத்தின்படி, மேக்ஸிமம் டிமாண்ட் (மாதத்தில் ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்சுமை) 10 கிலோவாட்டைத் தாண்டும் வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1-க்குள்ளும், விவசாயம் தவிர்த்த மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1-க்குள்ளும் நேரவாரிக் கட்டணம், அதாவது நாளின் நேரத்தைப் பொறுத்து யூனிட் விலை மாறும் முறை, வந்திருக்க வேண்டும். வெயில் இருக்கும் எட்டு மணி நேரம் 'சூரிய நேரம்'. அப்போது யூனிட் விலை வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் இறங்க வேண்டும். எல்லோரும் அதிகம் கரண்ட் இழுக்கும் பீக் நேரத்தில் வணிக இணைப்புகளுக்கு வழக்கமான விலையைப் போல் 1.20 மடங்குக்குக் குறையாமல் இருக்கும். பீக் நேரம் சூரிய நேரத்தைவிட நீளமாக இருக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போய் "எனக்கு 20 சதவீதம் குறைக்கணும்" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். முதல் அடி அங்கேயே விழும். இது மத்திய விதி. உங்கள் பில்லோ மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைப்படி வருவது. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை பீக், உங்கள் கட்டண வகைக்கு அது பொருந்துமா என்பதெல்லாம் அந்த ஆணையில்தான் இருக்கும். ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் வகைக்கான பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவர் அதைப் படித்திருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள்.

அடுத்த பொறி அந்த 20 சதவீதம். அது பில் முழுவதற்கும் இல்லை, யூனிட்டுக்கான எனர்ஜி சார்ஜுக்கு மட்டும். ஃபிக்ஸட் சார்ஜ், டிமாண்ட் சார்ஜ் ஒரு பைசா இறங்காது. ஒரு லட்சம் ரூபாய் பில்லில் 70,000 எனர்ஜி சார்ஜ் என்று வைத்துக்கொள்வோம். பாதி யூனிட் சூரிய நேரத்தில் ஓடினால் 35,000-இல் 20 சதவீதம், அதாவது 7,000 குறையும். கால்வாசி யூனிட் பீக்கில் ஓடினால் 17,500-இல் 20 சதவீதம், 3,500 ஏறும். கையில் நிற்பது 3,500. சாப்ட்வேர் விற்பவரின் தாளில் மட்டும் இது 20,000 என்று இருக்கும்.

இன்னொரு வித்தையும் நடக்கிறது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஓடும் அலுவலகத்துக்கு நேரவாரிக் கட்டணம் வந்தாலே, எதுவும் செய்யாமல் பில் கொஞ்சம் இறங்கும். அதே மாதம் சாப்ட்வேரும் மாட்டப்பட்டிருந்தால் பெயர் அதற்குப் போய்விடும். 'மிச்சமாகும் தொகையில் பங்கு' என்று ஒப்பந்தம் போட்டவர்கள், அரசு விதி கொடுத்த சலுகைக்கு நிறுவனத்துக்குப் பங்கு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழைய பில்லையும் புதிய பில்லையும் ஒரே யூனிட் விலையில், ஒரே பருவத்தின் மாதங்களை வைத்து ஒப்பிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மே மாதத்தையும் டிசம்பரையும் ஒப்பிட்டால் குடையைக்கூட மின்சிக்கனக் கருவி என்று விற்றுவிடலாம்.

ஸ்மார்ட் மீட்டர் மாட்டியவர்களுக்கு மாட்டிய உடனே நேரவாரிக் கட்டணம் அமலாகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாலை வியாபாரக்காரர்களுக்கு அடுத்த பில்லில்தான் தெரியும். மீட்டர் மாற்ற ஆள் வந்தால் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும், புதிய மீட்டரின் எண்ணையும் முதல் ரீடிங்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி. (பெரிய கரண்ட்டைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) வழியாக ஓடும் மீட்டர் என்றால், ரீடிங்கை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற பெருக்கு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 200-க்கு 5 சி.டி. என்றால் 40. இந்த ஒரு எண் தப்பாக ஏறினால் பில் இரண்டு மடங்காகலாம். பாதியாகவும் ஆகலாம். பாதியானதைப் பார்த்து சந்தோஷப்பட்டவர்களுக்குப் பின்னால் மொத்தமாக நிலுவை நோட்டீஸ் வரும்.

இனி, அதிகம் பேர் ஏமாறும் இடம்: அனுமதிக்கப்பட்ட லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட் அளவு. ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் மேக்ஸிமம் டிமாண்ட் துல்லியமாகப் பதிவாகும். ஒரே ஒரு மாதம் தாண்டியதற்கு "லோடு ஏத்துங்க, டெபாசிட் கட்டுங்க" என்று கடிதம் வந்த கடைகள் உண்டு. விதி அப்படிச் சொல்லவில்லை. ஒரு மாதம் தாண்டினால் அந்த மாதப் பில்லை மட்டும் பதிவான டிமாண்டை வைத்துப் போட வேண்டும். ஒரே நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் லோடை உயர்த்தலாம். அப்போதும் தாண்டிய மாதங்களில் எது குறைவோ அந்த அளவுக்குத்தான். 50 கிலோவாட் இணைப்பில் 54, 61, 57 என்று பதிவானால் புதிய லோடு 54. கடிதத்தில் 61 என்று இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு, அந்த மீட்டரில் பதிவான டிமாண்டைக் காட்டி அபராதம் போடவும் கூடாது.

சாப்ட்வேர் உண்மையாகவே உதவக்கூடிய இடமும் இதுதான். மீட்டர் டிமாண்டை நொடிக்கு நொடி பார்ப்பதில்லை, அரை மணி அல்லது கால் மணி நேரச் சராசரியாகப் பார்க்கிறது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் சில விநாடிதான், அந்தச் சராசரியில் கரைந்துவிடும். இரவெல்லாம் மூடிக் கிடந்து சூடேறிய கட்டடத்தைத் திறந்தவுடன் எல்லா ஏ.சி.யும் ஒன்றாக முழு மூச்சில் ஓடுகிறதே, பல கட்டடங்களில் அந்த முதல் அரை மணியே மாதம் முழுவதற்கும் டிமாண்டை நிர்ணயித்துவிடும். தளம் தளமாக, இருபது நிமிட இடைவெளியில் ஓட விட்டால் உச்சம் இறங்கும். தண்ணீர் மோட்டாரையும் வெந்நீர்க் கொதிகலனையும் மதியத்துக்குத் தள்ளுவதும் அப்படித்தான். சின்னக் கடைக்கு இதற்கு சாப்ட்வேர் எதற்கு, வாட்ச்மேன் கையில் ஒரு சீட்டு போதும். பெரிய கட்டடத்துக்கு வேண்டும், ஆனால் மீட்டர் எந்தத் துண்டு நேரத்தில் சராசரி எடுக்கிறதோ அதே துண்டில் சாப்ட்வேரும் கணக்கிட வேண்டும். வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். விழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை உங்கள் மீட்டர் தரவு. ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒரு முறையாவது தொலைவிலிருந்து படித்து, பயன்பாட்டு விவரத்தை இணையதளம், ஆப், எஸ்.எம்.எஸ். போன்ற வழிகளில் நுகர்வோருக்குத் தர வேண்டும் என்று 2023 திருத்தத்தில் இருக்கிறது. நடைமுறையில் ஆப்பில் தெரிவது நாள் மொத்தம் மட்டும். அரை மணி விவரம் கேட்டால் பிரிவு அலுவலகத்தில் "அது ஹெட் ஆபீஸ்ல சார்" என்பார்கள். ஹெட் ஆபீஸில் "செக்‌ஷன்ல லெட்டர் குடுங்க" என்பார்கள். செக்‌ஷனில் பொறியாளர் சைட்டுக்குப் போயிருப்பார். வாய்ப்பேச்சாகக் கேட்டு அலைந்தால் இந்த வட்டம் முடியாது. முதல் நாளே இரண்டு பிரதி கடிதம் கொண்டுபோங்கள். இணைப்பு எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, 'லோடு சர்வே' என்ற சொல் (அந்த அரை மணி விவரத்துக்கு அலுவலகத்தில் வழங்கும் பெயர்), இவை இருக்கட்டும். ஒரு பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். அரசு நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. 30 நாள் கெடு என்றதும் பல ஃபைல்கள் தானாக நகரும்.

கடிதம் கொடுக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? காலமான அப்பா பெயரிலோ, இடத்தை விற்றவர் பெயரிலோ இருந்தால் மனுவைத் தொடக்கூட மாட்டார்கள். முதலில் பெயர் மாற்றம், பிறகு மற்றதெல்லாம். வாடகைக்கு இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். கட்டடத்துக்கு ஒரே இணைப்பு, உங்களுக்கு உரிமையாளர் வைத்த சப்மீட்டர் என்றால் அலுவலகத்துக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அந்த சப்மீட்டர் நேரம் பார்க்காது. சூரிய நேரச் சலுகை உரிமையாளர் பில்லில் விழும், உங்களிடம் ஒரே விலையில் வசூலாகும். மெயின் பில்லின் நகலும் நேரவாரிக் கணக்கும் தர வேண்டும் என்று வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது சேர்த்துவிடுங்கள். நடுவில் கேட்டால் கிடைக்காது.

சாப்ட்வேர் ஒப்பந்தத்திலும் இதே கதைதான். சேரும் தரவு யாருடையது, ஒப்பந்தம் முடிந்தால் முழுத் தரவும் எக்ஸெல் கோப்பாகக் கைக்கு வருமா என்று பாருங்கள். சந்தாவை நிறுத்திய அன்றே இரண்டு வருடக் கணக்கு மறைந்துபோன மருத்துவமனை ஒன்றை நான் பார்த்தேன்.

கடைசியாக, சாப்ட்வேர் ஒரு யூனிட் கணக்கும் பில் வேறு கணக்கும் காட்டினால். ஓரிரு சதவீத வித்தியாசம் இரண்டு மீட்டர்களுக்கு இடையே இயல்பு, அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். அதற்கு மேல் என்றால் உங்கள் சாப்ட்வேர் அறிக்கையை அலுவலகம் சான்றாக ஏற்காது, குறைந்தபட்சம் சுலபத்தில் ஏற்காது. "அறிக்கையைப் பாருங்கள்" என்று மன்றாடுவதை விட்டுவிட்டு, 'ரீடிங் என் பயன்பாட்டுக்கு ஒத்துவரவில்லை' என்று எழுத்தில் புகார் கொடுங்கள். 2024 திருத்தத்தின்படி புகார் கிடைத்த ஐந்து நாளில் அவர்கள் கூடுதல் மீட்டர் ஒன்றை வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து நாள் தாண்டினால் முத்திரை வாங்கிய அந்தப் பிரதியோடு மின் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்துக்குப் போங்கள். அங்கும் தீரவில்லை என்றால் மின்குறைதீர்ப்பாளர். கூடுதல் மீட்டர் மாட்டும் நாளில் உங்கள் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கட்டும். அதன் பெருக்கு எண்ணையும் போட்டோ எடுக்க மறக்காதீர்கள்.