ஆர்ட்டிஸ்ட் என்பவர் யார்? கலைஞர், கைவினைஞர், வினைஞர்

மண்ணில் உருவங்களும் கலங்களும் செய்யும் தோழி ஒருத்தி, தன் விசிட்டிங் கார்டைத் தமிழில் அடிக்க ஆசைப்பட்டாள். ஆங்கிலக் கார்டில் 'செராமிக் ஆர்ட்டிஸ்ட்' என்று இருந்தது. "தமிழ்ல என்ன போடறது?" என்று என்னைக் கேட்டாள். யோசிக்காமல் 'மண்பாண்டக் கலைஞர்' என்றேன். "நான் பானை மட்டுமா செய்யறேன்?" என்றாள். 'கைவினைஞர்' என்றேன். முகம் சுருங்கியது. "அப்படிப் போட்டா கேலரியில எடுக்க மாட்டாங்க. பொருட்காட்சியில ஸ்டால் போடச் சொல்வாங்க." 'குயவர்' என்பது நல்ல பழைய சொல். ஆனால் இன்று அது தொழிலைவிடச் சாதியைத்தான் முதலில் சொல்கிறது. வெறுமனே 'கலைஞர்' என்று போடலாம் என்றால், தமிழ்நாட்டில் அடைமொழி இல்லாத 'கலைஞர்' ஒரு முன்னாள் முதலமைச்சருக்கு உரியதாகி வெகுகாலம் ஆகிவிட்டது.

ஒரு கார்டுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். கலைஞர் வேறு, கைவினைஞர் வேறு, முன்னவர் ஒரு படி மேல் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப் போயிருக்கிறது. சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அந்தப் படி நம் மொழியில் முளைத்ததாகத் தெரியவில்லை.

முதலில் 'ஆர்ட்டிஸ்ட்'. லத்தீனில் 'ஆர்ஸ்' என்றால் திறமை, கைத்தேர்ச்சி. அதற்கு அடியில் இருக்கும் வேருக்குப் பொருத்துதல், இணைத்தல் என்று பொருள். செருப்புத் தைப்பதும் 'ஆர்ஸ்'தான், சொற்பொழிவு ஆற்றுவதும் 'ஆர்ஸ்'தான். பழைய ஃபிளாரன்ஸ் நகரத்தில் தொழிற்குழுவுக்கே 'ஆர்ட்டே' என்று பெயர். அங்கே ஓவியர்கள் எந்தக் குழுவில் இருந்தார்கள் தெரியுமா? மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் இருந்த குழுவில். வண்ணம் அரைக்கும் பொடிகள் மருந்துக் கடையில்தான் கிடைத்தன. பொற்கொல்லர்கள் பட்டு வணிகர்களின் குழுவில் இருந்தார்கள். 1563ல் அதே நகரத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் தங்களுக்கென்று ஒரு கழகம் அமைத்து, மற்றத் தொழிலாளரிடமிருந்து விலகத் தொடங்கினார்கள். 1746ல் பத்தே என்ற பிரெஞ்சுக்காரர் இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகியவற்றை ஒரே கூடையில் போட்டு 'அழகுக் கலைகள்' என்று தனி நூலே எழுதினார். இன்பம் தருவது கலை, பயன் தருவது தொழில் என்று கோடு விழுந்தது. ஆங்கிலத்தின் 'ஃபைன் ஆர்ட்' இந்தக் கோட்டுக்கு மேல் இருப்பது. 'கிராஃப்ட்' கீழே தங்கிவிட்டது. இத்தனைக்கும் பழைய ஆங்கிலத்தில் 'கிராஃப்ட்' என்றால் வலிமை, ஆற்றல். ஜெர்மன் மொழியில் இன்றும் அதே பொருள்தான்.

நாம் 'நுண்கலை', 'கவின்கலை' என்று சொல்வதெல்லாம் இந்த 'ஃபைன் ஆர்ட்'டைத் தமிழாக்கிக் கொண்டதுதான். இரண்டுமே நல்ல ஆக்கங்கள். எனக்குக் 'கவின்கலை' கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். 'நுண்' என்றதும் நுணுக்கி நுணுக்கிச் செய்வது என்று ஒரு தவறான நினைப்பு வருகிறது. பத்தடி உயரப் பாறையை உளியால் பிளப்பதும் இதில் அடக்கம்தானே!

'கலை' என்ற சொல்லுக்குப் பிறப்பு எது என்பதில் இரண்டு கட்சி உண்டு. வடமொழியின் 'கலா' என்பார் ஒரு சாரார். நிலவின் பதினாறில் ஒரு கூறும் 'கலா'தான். 'கல்' என்ற வேரிலிருந்து, கற்பது எதுவோ அது கலை என்பார் தனித்தமிழ் வழி வந்தோர். எந்தக் கட்சியானாலும் சரி, 'ஆய கலைகள் அறுபத்து நான்கு' என்று நாம் சொல்லும்போது பாட்டும் ஓவியமும் மட்டும் அதில் இல்லை. பூத்தொடுத்தல், தையல், மரவேலை, மணிகளின் தரம் பார்த்தல் எல்லாம் அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன. ஆக, 'கலை' என்ற சொல் தச்சரை வெளியே நிறுத்தவில்லை.

இனி, தோழி முகம் சுளித்த 'கைவினை'. கை, வினை. கையால் செய்யும் செயல். இன்று இந்தச் சொல்லைக் கேட்டால் பனையோலைப் பெட்டியும் சிப்பி மாலையும்தான் நினைவுக்கு வருகின்றன. சிலப்பதிகாரத்தில் இது எங்கே வருகிறது என்று பாருங்கள். இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து, கண்ணகிக்குக் கோயில் கட்டி, உருவம் சமைத்து நிறுத்துகிறான் செங்குட்டுவன். அந்தச் சிலையைச் சொல்லும் இடத்தில் வரும் தொடர், 'கைவினை முற்றிய தெய்வப் படிமம்'. செய்தவர்கள் 'வித்தகர்'. ஒரு காப்பியத்தின் உச்சமான சிற்பத்துக்குப் புலவர் தேர்ந்த சொல் 'கைவினை'. அதில் தாழ்வின் நிழல்கூட இல்லை. நெடுநல்வாடையில் வரும் 'கைவல் கம்மியன்' என்ற தொடரும் அப்படித்தான். கை வல்லவன் என்பது அங்கே பாராட்டு.

சிலம்பிலேயே இன்னொரு இடம் உண்டு. புகார் நகரத்தில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லும் பகுதி. செம்பு செய்வோர், மரங்கொல் தச்சர், கருங்கைக் கொல்லர் என்று வந்துகொண்டே இருந்து, நடுவில் 'கண்ணுள் வினைஞரும் மண்ணீட்டாளரும் பொன்செய் கொல்லரும் நன்கலம் தருநரும்' என்று வருகிறது. பிறகு தையற்காரர், தோல் வேலை செய்வோர், துணியிலும் நெட்டியிலும் உருவங்கள் செய்வோர். 'கண்ணுள் வினைஞர்' என்றால் ஓவியர். இதில் அவருக்குத் தனி மேடை கிடையாது. இரும்பு அடிப்பவருக்கும் பொன் உருக்குபவருக்கும் நடுவே நிற்கிறார். எந்தப் பொருளில் வேலை செய்கிறார் என்பதுதான் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடு.

'கண்ணுள் வினைஞர்' என்ற பெயரில் கொஞ்ச நேரம் நிற்கலாம். மதுரைக்காஞ்சியிலும் இதே பெயர் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துபவர் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்கம் சொல்கிறார். சுவரிலோ துணியிலோ வேலை நடந்தாலும், அது போய்ச் சேரும் இடம் பார்ப்பவர் கண். 'விஷுவல் ஆர்ட்டிஸ்ட்' என்பதற்கு 'காட்சிக் கலைஞர்' என்று நாம் இப்போது எழுதுகிறோம். பழைய பெயர் அதைவிட ஒரு சுற்று கூடுதலாகவே யோசித்திருக்கிறது.

'வினைஞர்' என்பதையே ஆர்ட்டிஸ்டுக்குப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு காலத்தில் எனக்குத் தோன்றியது. அப்புறம் ஒரு சிக்கல் கண்ணில் பட்டது. இலங்கைத் தமிழில் 'எழுதுவினைஞர்' என்றால் அலுவலக குமாஸ்தா. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழந்தமிழில் ஓவியத்தை 'எழுதுவார்கள்'. சங்கப் புலவர் ஒருவர் எழுந்து வந்து 'எழுதுவினைஞர்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தால், உள்ளே யாரோ தூரிகையோடு இருக்கிறார் என்றுதான் நுழைவார்.

'மீடியம்' என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். லத்தீனில் நடு, இடை. ஓவியரிடம் கேட்டால் இரண்டு பொருள் சொல்வார். வண்ணப்பொடியைப் பிடித்து நிறுத்தும் எண்ணெய், பிசின், முட்டைக்கரு போன்றது ஒன்று. எந்தப் பொருளில் வேலை செய்கிறார் என்பது இன்னொன்று. தமிழில் 'ஊடகம்'. 'ஊடு' என்றாலும் நடுதான், சொல் கச்சிதமாக விழுந்திருக்கிறது. ஆனால் செய்தித் தாளும் தொலைக்காட்சியும் அந்தச் சொல்லை முழுதாக எடுத்துக்கொண்டன. 'பல ஊடகங்களில் பணிபுரியும் கலைஞர்' என்று எழுதினால், மூன்று சேனலில் தொடர் நடிக்கிறார் என்று படிப்பவர் நினைப்பார். பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு இதற்கு அலட்டிக்கொள்ளாமல் ஒரு பட்டியல் தருகிறது: கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை (உருவம் செய்யும் ஒரு வகைச் சாந்து), மெழுகு. இவை பத்தும் 'சிற்பத் தொழிற்குறுப்பு' என்கிறது. உறுப்பு, அவ்வளவுதான். வண்ணமும் மெழுகும்கூடச் சிற்பத் தொழிலில் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். அப்போது 'சிற்பம்' கல்லோடு நின்ற சொல் இல்லை.

ஏழாம் நூற்றாண்டில் மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மன் பொறித்த வடமொழிக் கல்வெட்டும் ஒரு பொருட்பட்டியல்தான், ஆனால் தலைகீழாக. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் என்று பெருமைப்படுகிறான். 'சித்திரகாரப் புலி' என்று பட்டம் சூட்டிக்கொண்ட அரசன், தான் எதை விட்டுவிட்டான் என்பதைச் சொல்லியே தன் வேலையை அறிமுகப்படுத்துகிறான்.

என் எழுத்தில் இதையே வழக்கமாக வைத்திருக்கிறேன். பொருளையோ செயலையோ வைத்துப் பெயர் சொல்ல முடிந்தால், 'கலைஞர்' என்ற வாலைச் சேர்ப்பதில்லை. ஓவியர் என்றால் போதும், 'ஓவியக் கலைஞர்' எதற்கு? சிற்பி இருக்கும்போது 'சிற்பக் கலைஞர்' வேண்டாம். 'ஸ்கெட்ச்' என்பதற்குக் கோட்டோவியம் என்கிறோம். நெடுநல்வாடை 'புனையா ஓவியம்' என்று சொல்லி வைத்திருக்கிறது, வண்ணம் பூசாத ஓவியம். 'இன்ஸ்டலேஷன்' என்பதற்கு நிறுவல் சிற்பம் என்று சிலர் எழுதுகிறார்கள், இருக்கட்டும். 'மிக்ஸட் மீடியா' என்றால் 'கலப்புப் பொருள்' என்று எழுதி, என்னென்ன பொருள் என்று பக்கத்திலேயே சொல்லிவிடலாம். ஒப்பனைக் கலைஞர், சண்டைக் கலைஞர் போன்றவற்றில் 'கலைஞர்' தேவைப்படுகிறது, வேறு வழியில்லை. ஆனால் சினிமாக்காரர் 'ஆர்ட்டிஸ்ட் வந்தாச்சா?' என்று கேட்டால் நடிகரைத்தான் கேட்கிறார். அங்கே போய் 'கலைஞர்' என்று பெயர்க்காதீர்கள்.

பிழைப்பு சார்ந்த சொற்கள் இன்னும் வம்பு. ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகச் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'கமிஷன்' என்பார்கள். தமிழில் கமிஷன் என்றால் தரகு. 'அவர் கமிஷனுக்கு வரைகிறார்' என்றால் கதையே மாறிவிடும். 'கேட்டுச் செய்வித்த ஓவியம்' என்று நீட்டிச் சொல்வதில் தப்பில்லை. 'ஆர்டர்' என்றும் எல்லாரும் சொல்கிறார்கள். 'ஸ்டூடியோ' என்றால் நமக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் இடம். கலைஞர் வேலை செய்யும் இடத்துக்குப் 'பட்டறை' என்ற சொல் அருமையாகப் பொருந்தும். ஆனால் இரும்புப் பட்டறை நினைவுக்கு வரும் என்று தயங்குகிறார்கள். கவிதைக்குப் பட்டறை நடத்துகிறோம், களிமண்ணுக்கு நடத்தக் கூசுகிறோம்! அச்சு ஓவியத்தின் அடியில் பென்சிலால் 7/30 என்று எழுதியிருந்தால், அந்தத் தகட்டிலிருந்து எடுத்த முப்பது படிகளில் அது ஏழாவது என்று பொருள். இதை 'எடிஷன்' என்பார்கள். 'பதிப்பு' என்றால் புத்தகம் ஆகிவிடும். 'எண்ணிட்ட படி' என்றே எழுதலாம்.

கோட்டுக்கு மேல், கோட்டுக்குக் கீழ் என்ற பிரிவினை பிழைப்பு என்று வந்தால் நிற்காது. சென்னையில் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850ல் தொடங்கிய பள்ளி, முதலில் தொழிற்கலைப் பள்ளியாகவும் பிறகு கலை மற்றும் கைவினைப் பள்ளியாகவும் இருந்து, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் படி ஏறியிருக்கிறது. அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் துணியில் மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். நிலம் வாங்கவும் அந்தப் பணம் உதவியது. நவீன ஓவியத்துக்குச் சோறு போட்டது கைவினை. இந்தச் செய்தியைச் சொன்னபோதுதான் தோழியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அவளுக்கு 'மண்ணீட்டாளர்' மிகவும் பிடித்துவிட்டது. மண்ணால் உருவம் செய்பவர், சாதி ஒட்டாத பெயர், சிலம்பில் இருக்கும் பெயர். ஆனால் கார்டைப் பார்த்த அவள் அப்பா, "இது என்ன, நில அளவைத் துறையா?" என்று கேட்டார். கடைசியில் 'சுடுமண் சிற்பி' என்று அடித்தாள். சூளையிலிருந்து கலங்களும் வெளியே வருகின்றனவே, சிற்பி என்றால் அவை எங்கே போகும் என்று கேட்டேன். கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். 'கலங்களும் வனைந்து தரப்படும்' என்று சின்ன எழுத்தில் இருந்தது.