கரும்பலகையில் மாதிரிப் படம் வேண்டாம்

தமிழ்நாட்டில் எந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போய் "ஒரு படம் வரையுங்கள்" என்று சொன்னாலும் பெரும்பாலான தாள்களில் ஒரே படம்தான் வருகிறது. இரண்டு முக்கோண மலைகள், இடையில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம். மீனவக் குப்பத்துப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. மலையே கண்ணில் படாத தஞ்சை வயல்வெளிப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கலைப் பயிற்சி அளிப்பது என் பணி. எழுத்துப் பிழைகளைவிட இந்தப் படம் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. தான் அன்றாடம் பார்க்கும் வலையும் படகும் நாற்றங்காலும் வரையத் தகுதியானவை அல்ல என்று அந்தப் பிள்ளை எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் அதைக் கற்றுக்கொண்ட இடம் வகுப்பறைதான். ஓவிய வகுப்பு என்றால் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழமோ மயிலோ வரைவார், பிள்ளைகள் பார்த்து வரைவார்கள், ஒத்துவந்த தாளுக்கு 'நன்று' கிடைக்கும். ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒருவரை அது கேட்கவில்லை. ஈராசிரியர் பள்ளியில் தமிழ், கணக்கு, சத்துணவு, பதிவேடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அதே ஆசிரியர்தான் பாட்டும் ஓவியமும் நாடகமும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. "எனக்கு வரையவே வராதே" என்று பயிற்சிக்கு வரும் பலர் தயங்குகிறார்கள். வராவிட்டால் பரவாயில்லை. சிறு பிள்ளைகளின் ஓவிய வகுப்பில் ஆசிரியர் வரைந்து காட்ட வேண்டிய தேவையே இல்லை.

குழந்தைகளின் படங்களுக்கென்று ஒரு வளர்ச்சிப் போக்கு உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் அதைப் படிப்படியாக விவரித்தார். இரண்டு வயது முதல் நான்கு வரை கிறுக்கல். பிறகு ஒரு பெரிய வட்டத் தலை, அதிலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால்கள். ஏழு வயதை ஒட்டித் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும், வானம் மேலே நீலப் பட்டையாக நிற்கும். சுவர் இருந்தாலும் உள்ளே அம்மா சமைப்பது தெரியும். பஸ்ஸின் நான்கு சக்கரங்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும். பாசமான பாட்டி வீட்டைவிட உயரமாக நிற்பாள். இந்த வயதுப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதைவிட மனதுக்குத் தெரிந்ததையே வரைகிறது. வீட்டுக்குள் அம்மா இருக்கிறாள் என்று அதற்குத் தெரியும், ஆகவே வரைகிறது. அதைப் பிழை என்று திருத்தி, பிள்ளையின் தாளில் நம் கையால் கோடு போடும்போது, அதன் சிந்தனையின் மேல்தான் கோடு போடுகிறோம்.

"இது என்ன?" என்று கேட்காதீர்கள். புரியவில்லை என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தமிழ் வகுப்பில் ஒரு வரி பேசாத பிள்ளை தன் படத்தைக் காட்டி ஐந்து நிமிடம் பேசுவதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். அது சொல்வதை அதன் சொற்களிலேயே தாளின் ஓரத்தில் எழுதிக்கொடுத்தால் அதுவே அன்றைய வாசிப்புப் பாடம்.

உண்மையான நெருக்கடி நான்காம், ஐந்தாம் வகுப்பில் வருகிறது. ஒன்பது, பத்து வயதில் பிள்ளை தன் படத்தையும் உலகத்தையும் ஒப்பிடத் தொடங்குகிறது. கை போதவில்லை என்று உணர்கிறது. அழிப்பான் தேய்ந்து தாள் கிழிகிறது. "எனக்கு வராது, சார்." பலரும் வரைவதை வாழ்நாளுக்கும் விட்டுவிடுவது இந்த வயதில்தான். இங்கே ஆசிரியர் கட்டாயம் தலையிட வேண்டும், அதுவும் மாதிரிப் படம் தந்து அல்ல, பொருளை முன்னால் வைத்து. வாசலில் கிடக்கும் செருப்பு, குழாயடி, வேப்பமரப் பட்டை. பென்சிலுக்குப் பதில் கரித்துண்டு கொடுங்கள், அழிப்பானை வாங்கி வைத்துவிடுங்கள். பார்த்துப் பார்த்து மெதுவாக வரையச் சொல்லுங்கள். அறுந்த வாரை ஊக்கால் சேர்த்திருப்பதுவரை படத்தில் வந்துவிடும்.

நாடகம் என்றால் வசனம், ஒப்பனை, மேடை என்றே நினைக்கிறோம். இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் வளர்த்தெடுத்த முறையில் ஆசிரியரே ஒரு பாத்திரமாக வகுப்புக்குள் நுழைவார். மூன்றாம் வகுப்பில் இதைச் செய்வது எளிது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "அம்மா, ஐயா, நீங்கள்தான் பஞ்சாயத்து உறுப்பினர்கள். எங்கள் ஏரி வற்றிப்போய்விட்டது, மாடுகள் தவிக்கின்றன. என்ன செய்வது?" என்று பணிவாகக் கேளுங்கள். எல்லாம் தெரிந்தவர் என்ற இடத்திலிருந்து ஆசிரியர் இறங்கிவிட்டால், பிள்ளைகள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார்கள். தூர்வார வேண்டும் என்பார்கள், பணம் எங்கே என்று கேட்பார்கள், சண்டை போடுவார்கள். மனப்பாட வசனத்தில் ஒருபோதும் வராத தமிழ் அப்போது வரும்.

பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காலை வணக்கக் கூட்டத்தில் "இன்னும் சத்தமாக" என்று சொல்வதை நிறுத்துவோம். பிள்ளைகளின் குரல் நாண்கள் குட்டையானவை, அவர்களின் இயல்பான சுருதி உயரமானது. ஆண் ஆசிரியர் தன் கட்டைக் குரலில் தொடங்கிவைத்தால் பலரால் சேர முடியாது, கத்தத்தான் செய்வார்கள். தொடர்ந்து கத்தும் பிள்ளைகளுக்குக் குரல் நாணில் சிறு முடிச்சுகள் உண்டாகக்கூடும். வாரக்கணக்கில் குரல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையைத் தொடங்கிவைக்கச் சொன்னால் சுருதி தானாகச் சரியாகிவிடும்.

ஆண்டு விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டுக்கு ஆடப் பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறோம். மற்றவர்கள் அந்த நாட்களில் சன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறார்கள். கூச்சம் உள்ள பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, நிறத்தால் ஒதுக்கப்படும் பிள்ளை எல்லாரும் அந்த சன்னலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். கலை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது கிடைக்காமல் போவது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உருவாக்கிய ஏரிப் பஞ்சாயத்தையே மேடையேற்றலாம். பளபளப்பு குறையும்தான். தலைமையாசிரியரிடம் இதைப் பேசுங்கள்.

வகுப்பில் வரைந்த தாள்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள். பின்புறம் தேதியை மட்டும் எழுதி, பிள்ளைக்கு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். சுவரில் ஒட்டுவதானால் பிள்ளையின் கண் மட்டத்தில், எல்லாருடையதையும் ஒட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஜூன் மாதத் தாளையும் பிப்ரவரி மாதத் தாளையும் அருகருகே வைத்து, எது மாறியிருக்கிறது என்று அந்தப் பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள்.