மலை இறங்கும்போது பிரேக் ஏன் கருகுகிறது?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் கராஜ் வைத்திருப்பவர்களுக்கு, நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் ஒரே மாதிரி வண்டிகள்தான் வரும். பாண்டிச்சேரியிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் என்னிடம் கேட்பதும் ஒரே கேள்விதான். "அண்ணே, பேட் போன மாசம்தான் மாத்தினோம். மயிதோ போயிட்டு எறங்குறதுக்குள்ள கருகுற வாசனை எப்படி வருது?"

டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட்டின் மேல் குற்றமில்லை. மயிதோ முனை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் அங்கே ஏறி நிற்கும்போது, புவியீர்ப்புக்கு எதிராக எஞ்சின் செய்த வேலை ஏறத்தாழ 2.8 கோடி ஜூல். புவியீர்ப்பு ஓர் ஆற்றல் மாற்றா விசை. எந்த வழியாக ஏறினாலும் கணக்கு உயரத்துக்கு மட்டும்தான். இறங்கும்போது அத்தனையையும் ஒரு ஜூல்கூடக் குறையாமல் திருப்பித் தந்துவிடும், நமக்கு வேண்டுமோ வேண்டாமோ. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை 200 தடவைக்கு மேல் பிரேக் பிடித்து நிறுத்துவதற்கு ஈடான ஆற்றல் அது.

உராய்வு இதற்கு நேர்மாறு. அது ஆற்றல் மாற்றும் விசை, வழியைப் பொறுத்தது. சிலாவோஸ் ஊரின் உயரம் 1,200 மீட்டர்தான், ஆனால் போகும் பாதையில் 400-க்கும் அதிகமான வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பிரேக், பிறகு ஆக்சிலரேட்டர், மறுபடியும் பிரேக். இப்படி ஓட்டினால் உயரக் கணக்குக்கு மேலேயும் பெட்ரோலை எரித்து, அதையும் பிரேக்கிலேயே வெப்பமாக்குகிறோம். அந்த வெப்பம் திரும்பவும் வண்டியை ஓட்ட வராது. பள்ளியில் இதை 'ஆற்றல் இழப்பு' என்று படித்தோம். இறக்கத்தில் நம் உயிரைக் காப்பதும் அந்த இழப்புதான். காற்றும் டயரும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியை எங்கே இழக்கப் போகிறோம் என்பதை ஓட்டுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரும்பாலோர் பெடலை மிதித்தே முழுவதையும் இழக்கிறார்கள். நான்கு சக்கரத்து டிஸ்குகளையும் சேர்த்தால் இரும்பு 25 கிலோ இருக்கலாம். 2.8 கோடி ஜூலையும் அதற்குள் அடைத்து, ஆறவே விடவில்லை என்று வைத்துக்கொண்டால், வெப்பநிலை 2,000 டிகிரியைத் தாண்டும். இரும்பு உருகிவிடும். நிஜத்தில் காற்று ஆற்றிக்கொண்டே இருப்பதால் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் சில நூறு டிகிரி ஏறினாலே பேடின் பிடிப்பு குறைய ஆரம்பிக்கும். நீங்கள் முகர்வது அப்படிச் சூடேறிய பேடின் வாசனையைத்தான்.

எனக்கு அதைவிடக் கவலை, பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதிலும் இங்கே கடலோர ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உருவாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் தரைவரை போகிறது, வண்டி நிற்பதில்லை. ஆறியதும் குமிழ் மறைந்துவிடும், பெடலும் பழையபடி இறுக்கமாகிவிடும். மறுநாள் கராஜில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். "இப்ப நல்லாத்தானே இருக்கு, விடுங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களைத்தான் நான் விடாமல் பிடித்து வைப்பேன்.

பெடலுக்குப் பதிலாக எஞ்சினிடம் விடுங்கள். இந்த எஞ்சின் பிரேக்கை இங்கே 'ஃப்ரேன் மோத்தர்' என்பார்கள். எந்த கியரில் ஏறினீர்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள், செங்குத்தான இடத்தில் இரண்டாவது. காற்றை உறிஞ்சித் தள்ளும் வேலையிலும் உள் உராய்விலும் எஞ்சின் அந்த ஆற்றலைத் தின்றுவிடும். ரேடியேட்டரும் புகைக்குழாயும் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். ஆட்டோமேட்டிக்கில் எல் (L), பி (B) அல்லது மேனுவல் நிலை இருக்கும். பிரேக்கை லேசாக அமுக்கிக்கொண்டே வராமல், வேகம் ஏறும்போது அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கத்தை நம்மவர்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுகிறார்கள். இன்றைய எஞ்சின், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும்!

மின்சாரக் கார்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் ஜெனரேட்டராக மாறி இறக்கத்து ஆற்றலின் ஒரு பகுதியை பேட்டரிக்கே திருப்பி அனுப்பும், நல்ல ஏற்பாடு. ஆனால் பிளேன் தே காஃப்ர் பக்கம் 1,500 மீட்டர் உயரத்தில் வீடு, கீழே கடலோரத்தில் வேலை என்று இருப்பவர்கள் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தில் காலையில் கிளம்புகிறார்கள். நிரம்பிய பேட்டரியில் ஏற்ற இடமில்லை. 1,700 கிலோ காருக்கு அந்த இறக்கம் சுமார் 7 யூனிட் மின்சாரம். பல வண்டிகளில் அதன் பெரும்பகுதி பிரேக்குக்கே வந்து சேரும். மேலே வீடு இருந்தால் சார்ஜ் அளவை 80-இல் நிறுத்தி வையுங்கள்.

வாசனை வந்துவிட்டால் ஒதுக்கமான இடத்தில் நிறுத்தி, கியரிலோ பார்க்கிலோ விட்டு, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளையும் அல்லது விரிசல் விடும். பெடல் ஒருமுறை தரைவரை போயிருந்தால் ஆறியபின்பும் அதே ஆயிலோடு மலைக்குப் போகக் கூடாது. நான்கு வருடம் கழிந்த கார்களுக்கு எப்படியும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோந்த்ரோல் தெக்னிக் எனும் கட்டாய வண்டிப் பரிசோதனை இருக்கிறது, அதற்குப் போகும் முன்பே ஆயிலையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.