தலைவர் இருக்கத் தலைவி எதற்கு?

சில வருடம் முன்பு காங்கயம் பக்கம் ஒரு கல்யாணம். மண்டப வாசல் ஃபிளக்ஸில் ஓர் அம்மாவின் படத்துக்குக் கீழே ‘ஊராட்சி மன்றத் தலைவி’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் படம், பதவி எதுவும் இல்லாமல். ஆனால் பந்தியில் ஒருத்தர், “தலைவரு வந்துட்டாருங்களா?” என்று கேட்டது அந்த வீட்டுக்காரரைத்தான். 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு சட்டமானதிலிருந்து இந்தத் ‘தலைவி’யை எத்தனை பலகையில் பார்த்தாயிற்று!

‘தலைவர்’ என்பது தலை + வ் + அர், நடுவில் உள்ள வகரம் இடைநிலை. ‘அர்’ ஆண்பால் ஈறு அல்ல, பலர்பால் ஈறு. ஒருவரை மரியாதையாகச் சொல்லவும் அதுவேதான். ‘ஒருவர்’ என்பது ஆண், பெண் இரண்டுக்கும் உரியது என்று தொல்காப்பியமே சொல்லியாயிற்று.

பெண் என்று தெரிய வேண்டாமா என்கிறார்கள். பெயரும் படமும் போதாதா? சரி, தலைவிதான் வேண்டுமென்றால் ஆண்களுக்குத் ‘தலைவன்’ என்று போடுங்கள் பார்ப்போம். கை வராது. அகப்பாடலில் வளை நெகிழக் காத்திருப்பவள் தலைவி. ஊராட்சிக் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்தப் பெயர் எதற்கு? அப்புறம் ‘தலைவி’க்கு இலக்கணப்படி ‘வந்தாள்’தான் வரும். மரியாதை கெடுகிறதே என்று ‘தலைவி வந்தார்’ என ஒட்டுப் போடுகிறோம். பெண் டாக்டரை யாராவது மருத்துவச்சி என்பார்களா? அது பிரசவம் பார்ப்பவர் பெயர். மருத்துவர் என்றுதானே சொல்கிறோம்?

எங்கள் கொங்குக் கல்யாணச் சீரில் சடங்குகளை நடத்திவைக்க அருமைக்காரர் உண்டு, அருமைக்காரியும் உண்டு. அந்தக் ‘காரி’யில் மதிப்புக் குறைவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே இருவருக்கும் இடம் இருக்கிறது. ஊராட்சியில் நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்தவரைத் தலைவி என்று தள்ளிவிட்டால், ‘தலைவர்’ என்ற சொல் காலியாகி வீட்டுக்காரருக்குப் போய்விடுகிறது.

இன்னொரு கூட்டம் ‘மேலாண்மை’யில் ஆண் ஒளிந்திருக்கிறான், மாற்ற வேண்டும் என்கிறது. அது ஆள் + மை, ஆளும் தன்மை. ளகரம் ணகரமாகியிருக்கிறது, அவ்வளவுதான். நாட்டாண்மையும் அப்படித்தான். மாற்ற வேண்டாததை மாற்றுவார்கள், மாற்ற வேண்டியதை விட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு அந்த அம்மா கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். ஓட்டு வாங்கி ஜெயித்தவர். வாசலில் நின்ற பையன் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்: “தலைவரூட்டம்மா வந்துட்டாங்க, சேர் போடுங்க!”