"அசால்ட் வெப்பன்"னா என்ன, தமிழ்ல அத எப்படி சொல்றது?

அமெரிக்கால ஸ்கூல்லயோ மால்லயோ துப்பாக்கிச் சூடு நடந்தா உடனே ஒரு சண்டை ஆரம்பிச்சுடும், "அசால்ட் வெப்பன்" சாதாரண ஜனங்க கையில இருக்கலாமா கூடாதான்னு. அதுல பாதி நேரம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னங்கறதுலயே போயிடும். நம்ம செய்திகள்ல வேற மாதிரி குழப்பம், ஒரே சம்பவத்த ஒருத்தர் இயந்திரத் துப்பாக்கிம்பாரு, இன்னொருத்தர் தானியங்கி துப்பாக்கிம்பாரு, வேறொருத்தர் தாக்குதல் துப்பாக்கின்னு போடுவாரு. மூணும் ஒண்ணு கிடையாது. என் கருத்த முதல்லயே சொல்லிடறேன், சண்டைக்குன்னு செஞ்ச துப்பாக்கி பொதுமக்கள் கையில இருக்கக்கூடாதுன்னு உறுதியா நம்பறவன் நான்.

முதல்ல "அசால்ட் ரைபிள்". இது ஜெர்மன்லேர்ந்து வந்த பேரு, "ஷ்டுர்ம்கெவேர்". ஷ்டுர்ம்னா புயல், எதிரி இருக்கற இடத்து மேல பாஞ்சு தாக்கறதுக்கும் அதே சொல்தான். கெவேர்னா துப்பாக்கி. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க செஞ்ச இந்த துப்பாக்கிக்கு மொதல்ல எம்பி 43ன்னு வேற பேரு இருந்துச்சு, 1944ல ஷ்டுர்ம்கெவேர் 44ன்னு மாத்துனாங்க, ஹிட்லரே வெச்ச பேருன்னு பரவலா சொல்லுவாங்க. அது எதுக்கு செஞ்சாங்கன்னா, அதுக்கு முன்னாடி இருந்த ரைபிள்ல பெரிய தோட்டா, ரொம்ப தூரம் போகும் ஆனா உதை ஜாஸ்தி, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்ட இழுத்து விடணும், நெஜமான சண்டையோ பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளதான் நடக்குது. சப்மெஷின் கன்னுன்னா சடசடன்னு சுடும், ஆனா பிஸ்டல் தோட்டா, கொஞ்ச தூரம் தாண்டுனா பிரயோஜனம் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தோட்டா, கழட்டி மாட்டற 30 குண்டு மேகசின் (குண்டு அடைக்கற பெட்டி), ஒவ்வொண்ணா சுடவும் விடாம சுடவும் ஒரு சுவிட்ச். இந்த மூணும் சேந்தாதான் ராணுவக் கணக்குல அசால்ட் ரைபிள். கலாஷ்னிகோவோட ஏகே-47, அமெரிக்க ராணுவத்தோட எம்16 எல்லாம் இந்த வகைதான்.

இப்ப ஏஆர்-15. இதுல "ஏஆர்"னா அசால்ட் ரைபிள்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, அது ஆர்மலைட்ங்கற கம்பெனி பேரு. யூஜின் ஸ்டோனர்னு ஒரு என்ஜினியர் தலைமைல 1950கள்ல வடிவமைச்சது, 1959ல உரிமைய கோல்ட் கம்பெனி வாங்குச்சு, ராணுவத்துக்குப் போனது எம்16 ஆச்சு, 1964லேர்ந்து பொதுஜனத்துக்கு வித்தது ஏஆர்-15ங்கற பேர்லயே நின்னுடுச்சு. ரெண்டுக்கும் இருக்கற பெரிய வித்தியாசம், கடையில கெடைக்கறதுல ஒரு தடவ விசைய இழுத்தா ஒரு குண்டுதான் வரும்.

இதப் பிடிச்சுக்கிட்டுதான் துப்பாக்கி ஆதரவாளர்கள் பேசறாங்க. விடாம சுடற மெஷின் கன்ன 1934லயே சட்டம் போட்டு கட்டுப்படுத்திட்டாங்க, 1986 மே மாசத்துக்கு அப்புறம் புதுசா செஞ்ச எதையும் பொதுஜனம் வாங்க முடியாது, அதனால நீங்க சொல்ற அசால்ட் ரைபிள் எங்க கையிலயே இல்ல, "அசால்ட் வெப்பன்"ங்கறது அரசியல்வாதிங்க கட்டிவிட்ட வார்த்தைன்னு. சொல்லளவுல இதுல பாதி உண்மை இருக்கு. அசால்ட் ரைபிள்ங்கறது ராணுவச் சொல், அசால்ட் வெப்பன்ங்கறது ஏஆர்-15 மாதிரி, ராணுவத் துப்பாக்கி சாயல்ல ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு சுடறதுங்களுக்கு வெச்ச சட்டச் சொல்தான். 1989 ஜனவரில கலிபோர்னியால ஸ்டாக்டன்னு ஒரு ஊர்ல ஸ்கூல் மைதானத்துல 5 குழந்தைங்கள ஒருத்தன் ஏகே மாதிரி துப்பாக்கியால சுட்டுக் கொன்னான், அந்த வருஷமே அந்த மாநிலம் அசால்ட் வெப்பன்னு பேர் போட்டு தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே 1980கள்ல துப்பாக்கிப் பத்திரிகைங்களும் வியாபாரிங்களும் இதே "அசால்ட்"ங்கற வார்த்தைய கெத்தா போட்டு வித்துக்கிட்டு இருந்தாங்க, அத எதிர்த்து சட்டம் வந்ததும் வார்த்தை கசந்துபோச்சு, 2009ல துப்பாக்கித் தொழில்துறை அமைப்பு "மாடர்ன் ஸ்போர்ட்டிங் ரைபிள்"னு புதுப்பேரே வெச்சுது. அந்த அமைப்போட கணக்குப்படியே இன்னைக்கு அந்த நாட்ல இது 2 கோடிக்கு மேல இருக்கு.

1994ல அமெரிக்க மத்திய அரசு கொண்டு வந்த அசால்ட் வெப்பன் தடை சறுக்குனது இந்த விளக்கத்துலதான். சில மாடல்கள பேர் சொல்லி தடை பண்ணாங்க, மத்ததுக்கு கழட்டி மாட்டற மேகசினோட சேத்து தோள்ல வெக்கற மடக்குக் கட்டை, பிஸ்டல் கைப்பிடி, பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டற இடம்னு ஒரு பட்டியல்ல ரெண்டு இருந்தா தடைன்னு வெச்சாங்க. கம்பெனிக்காரங்க பயனெட் மாட்டற இடம் மாதிரி சிலத மட்டும் வெட்டிட்டு கிட்டத்தட்ட அதே துப்பாக்கிய வித்தாங்க. ஏற்கனவே வாங்கி வெச்சிருந்ததயும் தொடல. 10 குண்டுக்கு மேல போற புது மேகசினுக்கு போட்ட தடைதான் அதுல உருப்படியான பகுதி, அதுவும் 2004 செப்டம்பர்ல காலாவதியாயிடுச்சு.

ஒவ்வொரு குண்டுக்கும் விசைய இழுக்கணும்னா அது ராணுவ ஆயுதம் இல்லங்கற வாதத்துக்கு பதில் நம்ம நாட்டுலயே இருக்கு. எஸ்எல்ஆர் தெரியும்ல, போலீஸ் கையில பாத்திருப்பீங்க, "செல்ஃப் லோடிங் ரைபிள்", 20 குண்டு மேகசின். 1960கள்லேர்ந்து 1990கள்ல இன்சாஸ்ங்கற இந்திய ரைபிள் வர்ற வரைக்கும் இந்திய ராணுவத்தோட முக்கிய ரைபிள் அதான், 1971 போர்லயும் அதான், 1987ல ஈழத்துக்குப் போன இந்திய அமைதிப்படை கையிலயும் அதான். அதுலயும் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுதான்! முப்பது வருஷம் ஒரு பெரிய ராணுவம் இப்படித்தான் சண்டை போட்டிருக்கு, அத ராணுவ ஆயுதம் இல்லன்னு சொல்ல முடியுமா?

2017 அக்டோபர் 1, லாஸ் வேகாஸ்ல ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுங்கற இந்த வித்தியாசமும் அழிஞ்சுது. பம்ப் ஸ்டாக்னு ஒரு கட்டை மாட்டுனா உதைய வெச்சே துப்பாக்கி முன்னபின்ன ஆடி விசை தானா விரல்ல பட்டுப்பட்டு மெஷின் கன் மாதிரியே சுடும், ஒருத்தன் ஹோட்டல் ஜன்னல்லேர்ந்து பாட்டுக் கச்சேரி கூட்டத்து மேல அப்படி பத்து நிமிஷம் சுட்டான், அறுபது உயிர் போச்சு. பம்ப் ஸ்டாக்குக்கு போட்ட தடைய 2024ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 6க்கு 3ன்னு ரத்து பண்ணுச்சு, ஏன்னா 1934 சட்டத்துல "விசையோட ஒரே இயக்கத்துல" பல குண்டு வந்தாதான் மெஷின் கன்னுன்னு எழுதியிருக்கு, இதுல விசை ஒவ்வொரு தடவையும் தனித்தனியா அழுந்துதாம். படிக்கும்போது எனக்கு வயிறு எரிஞ்சுது. இந்திய 1959 ஆயுதச் சட்டம் விசைய விடற வரைக்கும் இல்ல மேகசின் காலியாகற வரைக்கும் குண்டு வந்துக்கிட்டே இருந்தா தடைன்னு சொல்லுது, துப்பாக்கி என்ன செய்யுதுன்னு பாத்து எழுதுன வரி.

எதிர்த்தரப்புலயும் நேர்மையான வாதம் இருக்கு. அமெரிக்கால துப்பாக்கிக் கொலைங்கள்ல பெரும்பாலானது கைத்துப்பாக்கியாலதான், அது உண்மை. சுவிட்சர்லாந்துல ராணுவத்துல இருக்கறவங்க துப்பாக்கிய வீட்லயே வெச்சுக்கறாங்களேம்பாங்க, சரிதான், ஆனா அவங்க பயிற்சி எடுத்த படையாளுங்க, 2007க்கு அப்புறம் தோட்டாவ வீட்ல குடுத்து வெக்கறத நிறுத்திட்டாங்க, பணி முடிஞ்சு சொந்தமா வெச்சுக்கணும்னா விடாம சுடறத எடுத்துட்டு அனுமதி வாங்கணும். ஆஸ்திரேலியா 1996ல போர்ட் ஆர்தர்ல 35 பேர் செத்த பிறகு ஆறு லட்சத்துக்கு மேல துப்பாக்கிய காசு குடுத்து திரும்ப வாங்குச்சு, நியூசிலாந்து 2019ல கிறைஸ்ட்சர்ச் மசூதி தாக்குதலுக்கு அப்புறம் ஒரு மாசத்துக்குள்ள இந்த மாதிரி துப்பாக்கிங்களுக்கு தடை போட்டுச்சு. அமெரிக்கால சுப்ரீம் கோர்ட்டோட 2008 ஹெல்லர் வழக்குத் தீர்ப்பு தற்காப்புக்கு வீட்ல கைத்துப்பாக்கி வெச்சுக்கற உரிமைய உறுதி பண்ணுச்சு, அதே தீர்ப்புல எம்16 மாதிரி ஆயுதத்த தடை பண்ண இடம் இருக்குன்னும் வருது, இத ஆதரவாளர்கள் ரொம்ப பேசறதில்ல.

சரி, தமிழுக்கு வருவோம். துப்பாக்கிங்கறதே வந்த சொல்தான், துருக்கி "துஃபெக்", இந்துஸ்தானி "துபக்" வழியா வந்தது, தெலுங்குலயும் கன்னடத்துலயும் இதே சொல் புழங்குது, ஈழத்துல துவக்குன்னு சொல்றதும் இதே வேர்தான். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி"ன்னு குறள்ல வர்றது "உணவாக்கி"ங்கற அர்த்தம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பொதுவா ஃபயர் ஆர்ம்னா சுடுகலன்னு நல்ல சொல் இருக்கு.

அசால்ட் ரைபிளுக்கு தாக்குதல் துப்பாக்கிங்கறது நெலச்சுடுச்சு, விடாம சுடற ராணுவ வகைக்கு மட்டும் அத வெச்சுக்கலாம். இயந்திரத் துப்பாக்கி மெஷின் கன்னுக்கு மட்டும். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு சுடற செமி ஆட்டோமேட்டிக்க அரைத் தானியங்கின்னு சொன்னா ஏதோ பாதி ஆபத்து மாதிரி கேக்குது, எஸ்எல்ஆர் பேர்லயே பதில் இருக்கு, குண்ட தானே ஏத்திக்கற துப்பாக்கி, அதனால தன்னேற்றத் துப்பாக்கி. அசால்ட் வெப்பனுக்கு நான் சொல்றது படைத்தரத் துப்பாக்கி. பழந்தமிழ்ல படைன்னா சேனையும்தான் ஆயுதமும்தான், "படைகொண்டார் நெஞ்சம்போல்"னு குறள்ல வர்ற படை ஆயுதம்தான், படைக்கலம்ங்கற சொல் இன்னைக்கும் இருக்கு. யார் கைக்குன்னு செஞ்சதுங்கறத அந்த சொல்லே சொல்லிடுது, பயனெட் இடத்த வெட்டுனாலும் பேர் மாறாது. அப்போ 2022 மே 24, டெக்சாஸ் யுவால்டி ஸ்கூல்ல நடந்தத தமிழ்ல இப்படி எழுதலாம்: 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்னது இயந்திரத் துப்பாக்கி இல்ல, 18 வயசு ஆன சில நாள்லயே ஒரு பையன் சட்டப்படி காசு குடுத்து வாங்குன படைத்தரத் துப்பாக்கி.