பார்த்தால் விளங்குகிறது சேர், செய்யத்தான் வரவில்லை

இலங்கையின் உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் இந்த வசனத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு கிழமை போவதில்லை. சொல்பவர்கள் சோம்பேறிகளும் அல்லர். பௌதிகவியல் வீடியோக்களை அலகு வாரியாகத் தொலைபேசியில் சேமித்து வைத்திருக்கிறார்கள். ரியூஷன் முடிந்து வந்தும் நள்ளிரவு வரை பார்க்கிறார்கள். வினாத்தாளை முன்னால் வைத்தால் பேனை நகர மறுக்கிறது. பெற்றோர் வந்து, "பிள்ளை நெடுகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்" என்கிறார்கள். பிள்ளை நெடுகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அண்மையில் ஒரு மாணவன் ஆய்வுகூடத்தில் அழுத்தமானியோடு (நீண்ட கம்பியில் தொட்டுப் பார்த்துக் கலத்தின் மின்னழுத்தத்தை அளக்கும் கருவி) மல்லுக்கட்டியதைக் கண்டபின், இனி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. அதே பரிசோதனையைக் கணினித் திரையில் பலமுறை செய்து பார்த்தவன். கோட்பாட்டைக் கேட்டால் தடங்கலின்றிச் சொல்வான். மேசையில் சுற்றை இணைத்துக் கம்பியின் ஒரு முனையில் தொட்டான். மின்னோட்டத்தைக் காட்டும் கல்வனோமானியின் முள் வலப்பக்கம் ஓடியது. மறுமுனையில் தொட்டான், அப்போதும் வலப்பக்கமே ஓடியது. அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். அவனோ கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேய்த்துக்கொண்டே போய், முள் எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கும் சமநிலைப் புள்ளியைத் தேடினான். (கம்பியைத் தேய்க்காதீர்கள், தொட்டுத் தொட்டு எடுங்கள் என்று நான் கத்தாத வருடமில்லை. தேய்ந்த கம்பி எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இராது. பிறகு எதை அளக்கிறீர்கள்?)

இரு முனைகளிலும் முள் ஒரே பக்கம் ஓடினால் அந்தக் கம்பியில் சமநிலைப் புள்ளியே இல்லை. கலத்தின் முனைகள் மாறியிருக்கும். அல்லது கம்பிக்கு மின் கொடுக்கும் முதன்மைச் சுற்றில் எங்கோ தொடுப்பு விட்டிருக்கும். அல்லது கம்பிக்குக் குறுக்கேயான அழுத்த வேறுபாடு கலத்தின் மின்னியக்க விசையைவிடக் குறைவாக இருக்கும். இவன் கலத்தை மாற்றிக் கொடுத்திருந்தான். திரையில் அவனுக்கு இது நேர வழியே இல்லை, அங்கே சுற்று இணைக்கப்பட்டே வந்திருந்தது. இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் செய்முறை பற்றிக் கேட்கும்போது இப்படிப்பட்ட இடங்களில்தான் கைவைக்கிறார்கள். புள்ளிகள் போவதும் அங்கேதான்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, "நல்ல வீடியோ கிடைத்தால் பாடம் விளங்கிவிடும்" என்ற நம்பிக்கை. மாணவர், பெற்றோர், ஏன், சில ஆசிரியர்கள்கூட இதை நம்புகிறார்கள். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் டெரெக் முல்லர் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பகுதி மாணவர்களுக்குப் பாடத்தைத் தெளிவாக, நேராக விளக்கும் வீடியோவைக் காட்டினார். தெளிவாக இருந்தது, சுலபமாக விளங்கியது என்று அவர்கள் பாராட்டினார்கள். சோதனை வைத்தபோது மதிப்பெண் அநேகமாக உயரவே இல்லை. இன்னொரு பகுதியினருக்குக் காட்டியதில், மாணவரின் வழக்கமான பிழையான எண்ணத்தை ஒருவர் சொல்வார், மற்றவர் அதை மறுத்து வாதிடுவார். அதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். ஆனால் மதிப்பெண் உயர்ந்தது அவர்களுக்குத்தான். இதைக் கண்டுபிடித்தவர் பின்னர் யூரியூப்பிலேயே உலகம் அறிந்த அறிவியல் அலைவரிசை ஒன்றை நடத்தத் தொடங்கினார் என்பது வேறு கதை.

ஏன் இப்படி நடக்கிறது என்று பார்க்க என் வகுப்பே போதும். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) என்ன என்று கேளுங்கள். முன்தினம் இரவு இதே பாடத்தின் வீடியோவைப் பார்த்தவன் எழும்பி, "பூச்சியம்" என்பான். பூச்சியமாவது வேகம். ஆர்முடுகல் கீழ்நோக்கி அப்படியே இருக்கிறது. அதுவும் பூச்சியமானால் பந்து உச்சியிலேயே தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். வீடியோ இதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கும். ஆனால் அவன் தன் பழைய எண்ணத்தோடு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததையே அவரும் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். தலையாட்டுவதற்கு முன் ஒரு விடையைத் தாளில் எழுதியிருந்தால் பிழை கண்ணில் பட்டிருக்கும்.

இது சரியான வீடியோக்களின் நிலை. பிழையானவையும் ஏராளம். விமானம் எப்படி எழும்புகிறது என்று சொல்லும் சிறகு விளக்கத்தை எடுங்கள்: மேற்பரப்பு வளைந்து நீண்டது, கீழ்ப்பரப்பு குறுகியது, முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும், ஆகவே மேலே காற்று விரைவாக ஓடுகிறது. அந்த "ஒரே நேரத்தில்" எங்கிருந்து வந்தது? எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. நாசாவின் கல்விப் பக்கமே இதைப் பிழையான விளக்கம் என்று பெயரிட்டு ஒதுக்கியிருக்கிறது. உண்மையில் மேலே போகும் காற்று முந்திக்கொண்டு பின்விளிம்பை அடைந்துவிடுகிறது. நம்மவர்களுக்கு இதைப் புரியவைக்க நாசாவும் தேவையில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போங்கள். ஒற்றைத் தாளில் ஒட்டிய பட்டத்துக்கு மேற்பக்க நீளமும் கீழ்ப்பக்க நீளமும் ஒன்றுதானே? அந்த விளக்கத்தின்படி அது எழும்பவே கூடாது. விரைவாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்ற பேணூயியின் தத்துவத்தில் குறையில்லை. அதற்கு முன்னால் ஒட்டவைத்த அந்த ஒரு வரிதான் கட்டுக்கதை.

இணையமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உபகரணம் போதாத பாடசாலைகளுக்கு அது பெரும் உதவி. கொலராடோப் பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களை (திரையில் செய்துபார்க்கும் பரிசோதனைகள்) நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடக்கிவைத்தார். இலவசம், சில தமிழிலும் இருக்கின்றன. ஆனால் பொம்மையாக அழுத்தி விளையாடிவிட்டு மூடினால் பயனில்லை. மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனில் மேலதிகத் தெரிவுகளைத் திறந்தால் கலத்தின் அகத்தடையை (அதன் உள்ளேயே இருக்கும் தடையை) கூட்டலாம். கூட்டிவிட்டு மின்குமிழ்களைச் சமாந்தரமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து, கலத்தின் இரு முனைகளுக்கிடையேயான முடிவிட அழுத்த வேறுபாடு இறங்குவதைக் குறித்து வரைபு கீறுங்கள். ஊசல் சிமுலேஷனில் ஊசலை 90 பாகையிலிருந்து விட்டுப் பாருங்கள். நீங்கள் மனனம் செய்த சமன்பாடு தரும் அலைவுகாலத்தைவிட ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதலாக வரும். சிறுகோணம் என்று பாடநூல் ஏன் அடித்துச் சொல்கிறது என்பது அப்போது உறைக்கும்.

கையிலிருக்கும் தொலைபேசியே ஓர் ஆய்வுகூடம் என்பதும் பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் தரும் ஃபைஃபொக்ஸ் செயலியில், ஓர் ஒலி கேட்டதும் ஓடத் தொடங்கி அடுத்த ஒலியில் நிற்கும் கடிகாரம் உண்டு. இந்தக் கடிகாரத்தைத் திறந்து இரண்டு தொலைபேசிகளை 5 மீற்றர் இடைவெளியில் வையுங்கள். ஒருவர் ஒன்றின் அருகில் கைதட்ட, பிறகு மற்றவர் மற்றதன் அருகில் தட்டட்டும். இரண்டு அளவீடுகளின் வித்தியாசம் 0.03 செக்கனுக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு தட்டலின் ஒலியும் கடந்த மொத்தத் தூரமான 10 மீற்றரை அதனால் வகுத்தால் ஒலியின் வேகம். மாமரத்தடியில் செய்யக்கூடிய வேலை.

தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவர்கள் நிறை என்பது நமது திணிவு; நமது நிறை அவர்களுக்கு எடை. நமது வேகம் அவர்களுக்குத் திசைவேகம். தெரிந்துகொண்டு பார்த்தால் ஆபத்தில்லை. தெரியாமல் பார்த்தவர்கள் நிறையைக் கிலோகிராமில் எழுதிவிட்டு வருகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் ஈர்ப்பு ஆர்முடுகல் 9.8, பக்கத்தில் கணிப்பான். நமது வினாத்தாளில் 10, கணிப்பான் கிடையாது. கணிப்பானோடு பழகிய கை பரீட்சை மண்டபத்தில் வகுத்தல் கணக்கிலேயே மூச்சுவாங்கும்.

ஆகவே, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கணக்குச் செய்துகாட்டும் வீடியோவில் வினாவை வாசித்ததும் நிறுத்துங்கள். நீங்கள் செய்து முடிக்காமல் மீண்டும் ஓடவிட வேண்டாம். ஒரு பாடத்துக்கு ஒருவர் போதும். ஐந்து பேரிடம் ஒரே அத்தியாயத்தைக் கேட்பது படிப்பைத் தள்ளிப்போடுவது. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் இலவசமாகக் கிடக்கின்றன, முதலில் அவற்றைத் திறவுங்கள். கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்யுங்கள்: பல்தேர்வு 50 வினாவுக்கு 2 மணித்தியாலம். புள்ளியிடும் திட்டத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு செய்வது செய்வதில் சேராது.

ஆசிரிய நண்பர்களே, பாடவேளை முழுவதும் வீடியோவை ஓடவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்காதீர்கள். அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் இடுக்கிமானிகளை வெளியே எடுங்கள். உடைந்தால் உடையட்டும்.

பெற்றோருக்கு: இன்றைக்கு எத்தனை வீடியோ பார்த்தாய் என்று கேட்காதீர்கள். எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் பௌதிகவியல் தெரிய வேண்டியதில்லை. வெட்டும் கிறுக்கலும் இருந்தால் பிள்ளை முயன்றிருக்கிறான். திரையைப் பார்த்து ஒரு திருத்தமும் இல்லாமல் நிறப்பேனையால் எழுதிய அழகான கொப்பியைக் கொண்டுவந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.